ஒற்றையில் விடக்கூடாத குலவை

எங்கள் அலுவலகத்தில் வடிவக்கா முதல் தடவை குலவையிட்ட அன்று மேனேஜர் தேவதாசன் சார் கையிலிருந்த டீயைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். நான் மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டேன். வாசலில் நின்ற காவலாளி உள்ளே ஓடிவந்து, என்னவோ ஏதோ என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான்: காற்றாலைக்கான நீள இறக்கைகள் அத்தனையும் ஒரு கீறல் இல்லாமல் கப்பலில் ஏறிவிட்டன என்று துறைமுகத்திலிருந்து போன் வந்திருந்தது. அந்த இறக்கைகளுக்காக இராப்பகலாக அலைந்தவர் வடிவக்கா. போனை வைத்தார், எழுந்து நின்றார், நாக்கைச் சுழற்றிவிட்டார்.

இருட்டில் முழித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து அவருக்குக் கோபம் வேறு வந்தது.

"ஏளா, இத்தன பொம்பளைய இருக்கிய, ஒருத்தியாவது சேந்து குடுத்தியளா? குலவைய ஒருத்தி எடுத்தா, கேட்டவ எல்லாரும் சேந்து குடுக்கணும். ஒத்தையில விடக் கூடாது."

"அக்கா, இது ஆபீஸ்" என்றேன்.

"ஆபீஸ்னா சந்தோசம் வரப்படாதோ?"

அவருடைய முழுப்பெயர் அருணாசலவடிவு. ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, இந்தக் கப்பல் ஏஜென்சியில் சேர்ந்து, இன்றைக்குத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் கயிறு போட்டுக் கட்டும், எப்போது கிளம்பும் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்துகிறார். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பும்போது அவரைப் போல அடக்கமான ஆளைப் பார்க்க முடியாது. காரியம் முடிந்துவிட்டால் மட்டும் ஊர்க்காரியாகிவிடுவார். வயலில் நடவு முடிந்தாலும், அம்மன் கோயில் கொடை விழாவில் தீபம் தூக்கினாலும், வீட்டில் பெண் சமைந்தாலும் அவர்கள் ஊரில் குலவைதான். "சந்தோசத்த வாயால சொல்லிக்கிட்டா இருப்பாவ?" என்பார்.

நான் நாசரேத்துக்காரி. பெயர் ஜெப்ஸி. எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அது அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும்தான். பிளஸ் டூவில் நான் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் ஜாபேஸுக்கு மகன் பிறந்தபோது இரண்டு தடவை துடைத்தார். அதற்கு மேல் நாங்கள் போனதில்லை. வடிவக்காவின் வீட்டுக்காரர் நயினார் அண்ணனும் ஏறக்குறைய எங்கள் கட்சிதான். சந்தோஷம் வந்தால் ஸ்கூட்டரைக் கழுவுவார். கோபம் வந்தாலும் அதே ஸ்கூட்டரைத்தான் கழுவுவார். வாளியை வைக்கிற விதத்தைப் பார்த்து அக்கா கண்டுபிடித்துக்கொள்வார்.

அக்காவின் குலவைக்கு ஊரில் பலவிதமான மரியாதைகள் கிடைத்தன. அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே இருந்தவர்கள், அக்கா மகளுடைய பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார்கள். பிலிப்பைன்ஸ்காரக் கேப்டன் ஒருவர் செல்போனை நீட்டி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுப் பதிவு செய்து, தன் மனைவிக்கு அனுப்பினார். தேவதாசன் சார் மட்டும் ஒவ்வொரு தடவையும் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அருணாசலவடிவு, ப்ளீஸ்" என்பார். அக்கா, "சரி சார்" என்று உட்கார்ந்துகொள்வார். அதற்குள் குலவை முடிந்திருக்கும்.

இப்போது மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரண்யாதேவி பிளஸ் டூ படிக்கிறாள், கபடிக்காரி. எதிரணிக்குள் ஒற்றை ஆளாய்ப் பாடிப் போகிறவள். விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எனக்கும் அப்போது தெரியாது. பாடிப் போகிறவள் "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஆளைத் தொட்டுவிட்டு, திரும்பி நடுக்கோட்டுக்கு வந்து சேர வேண்டும். அதுவரை அந்தப் பாட்டு நடுவர் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். விழவில்லை என்றால் விசில் ஊதிவிடுவார். தொட்டது கணக்கில் வராது, எதிரணிக்கும் ஒரு புள்ளி போய்விடும்.

அக்காவுக்கும் இது தெரியாது. மகள் ஆடுகிற இடத்துக்கெல்லாம் போவார். தனியாகப் போனதால் அவர் ஒருவர் சத்தம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். வினை ஏரலில் நடந்த ஆட்டத்தில் வந்தது.

அது அக்காவின் சொந்த ஊர்ப்பக்கம். சித்தி, மதினி, பெரியம்மா மகள் என்று ஒரு வேன் நிறையப் பெண்கள் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். கடைசி ஆட்டம். இரண்டு அணியும் சமமாக நின்ற நேரத்தில் சரண்யா பாடிப் போனாள். காலை வீசி ஒரு பெண்ணைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், அக்கா குலவையை எடுத்துவிட்டார். ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வேன் முழுக்கச் சேர்ந்து கொடுத்தது. பக்கத்தில் நின்றிருந்த, யார் எவர் என்று தெரியாத பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மைதானமே அதிர்ந்தது. பிள்ளை இன்னும் நடுக்கோட்டுக்கு வரவில்லை. நடுவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் குனிந்து குனிந்து பார்த்தார். பாட்டு கேட்கவில்லை. விசிலை ஊதிவிட்டார்.

சரண்யா, "நான் பாடிக்கிட்டுதான் சார் வந்தேன்" என்று கெஞ்சினாள். நடுவர் நல்ல மனிதர். "பாடியிருப்பம்மா, எனக்குக் கேட்டாத்தானே?" என்றார். ஒரு புள்ளியில் தோற்றார்கள். அந்த ஒரு புள்ளி, அம்மா கொடுத்த புள்ளி.

வீட்டுக்கு வந்ததும் சரண்யா அழவில்லை, கத்தவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே என் மேட்ச்சுக்கு நீங்க வராதீங்கம்மா. எல்லாரும் கை தட்டுதாவ, விசிலடிக்காவ. நீங்க மட்டும் ஏம்மா இப்படி? எனக்கு வெக்கமா இருக்கு."

நயினார் அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் குலவை நின்றது. கப்பல் வந்தது, கட்டியது, போனது. அக்கா போனை வைப்பார், அடுத்த வேலையைப் பார்ப்பார். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் தாங்க முடியவில்லை. காவலாளி வந்து, "அம்மாவுக்கு உடம்புக்கு முடியலியோ?" என்று என்னிடம் விசாரித்தார். ஒருநாள், நாள் கணக்கில் வெளியில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்த ஒரு கப்பல் உள்ளே வந்து கட்டியது. தேவதாசன் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சார் மேஜை வரைக்கும் வந்தார்.

"அருணாசலவடிவு, கப்பல் கட்டியாச்சு."

"ஆமா சார்."

"இல்ல... சத்தத்தையே காணோமேன்னு பார்த்தேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபமான கோபம் வந்தது. இத்தனை நாள் ப்ளீஸ், ப்ளீஸ் என்று சொன்ன மனுஷனுக்கு இப்போது சத்தம் தேவைப்படுகிறதாம். அன்று மத்தியானம் சாப்பிடும்போது அக்காவைப் பிடித்துக் கேட்டேன். எல்லாக் கதையும் அப்போதுதான் வந்தது. வருகிற சனிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டமாம். வயது வரம்பு இருப்பதால் சரண்யாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். மகள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

"போகாம இருந்துருவியளா?" என்றேன்.

"எப்படிளா இருப்பேன்? போனா வாய் சும்மா இருக்காது. நடவு வயலுல கேட்டு வளந்த வாயி. நான் நெனச்சா போடுதேன்? அது வந்துருதுல்லா. என் சத்தத்தாலயே எம்பிள்ள தோத்தான்னு ஆயிட்டே ஜெப்ஸி." அக்கா பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடிவிட்டார்.

சாயங்காலம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சரண்யா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நான் அம்மா பக்கத்துல உக்காருதேன். ஒரு சத்தம் வராம நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கன்னா சரி ஆன்ட்டி. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க." பாராட்டா, வசவா என்று தெரியவில்லை. "ஆனா பேரு வாசிச்சு முடியற வரைக்கும் சத்தம் வரக் கூடாது. செலெக்டர்ஸ் முன்னால மானத்த வாங்கிராதீங்க."

சனிக்கிழமை காலை பாஞ்சாலங்குறிச்சி போகிற வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சாமியானா பந்தலின் கீழ் தேர்வுக்குழு உட்கார்ந்திருந்தது. ஏரல் வேன் இந்தத் தடவையும் வந்திருந்தது! அக்கா ஒவ்வொருவரையும் இறங்க இறங்க நிறுத்திச் சொன்னார்: "நான் எடுக்காம ஒருத்தியும் எடுக்கப்படாது. எடுத்தா இத்தோட உறவு முடிஞ்சுது." பெண்கள் பயந்துபோய் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முந்தியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கபடி என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டிவியில் வந்தால் மாற்றிவிடுகிறவள் நான். அய்யோ, இப்படி ஒரு விளையாட்டா! மண் பறக்கிறது. ஏழு பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ஒருத்தியை வளைக்க வருகிறார்கள். அவள் பாடிக்கொண்டே உள்ளே போகிறாள், குனிகிறாள், ஏமாற்றுகிறாள், ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடுகிறாள். சரண்யா தொடும்போதெல்லாம் அக்காவின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கும். முந்திக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று வரும். நான் கையை இறுக்குவேன். பின்னால் ஏரல் வரிசையிலிருந்தும் மொத்தமாக ஒரு "ம்ம்ம்" வரும்.

இடைவேளை வரை சரண்யாவின் அணி முன்னால் இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்றோ, மளமளவென்று விட்டுவிட்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் முத்துமணி கோட்டுக்கு வெளியே அங்கும் இங்கும் நடந்து தொண்டை வறளக் கத்தினார். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். சரண்யா ஒருத்திக்கு ஒரே ஒரு பாட்டு மிச்சம். இரண்டு பேரைத் தொட்டால் ஜெயிக்கலாம், பிடிபட்டால் எல்லாம் போச்சு.

சரண்யா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். உள்ளே போனாள். "கபடி கபடி கபடி" என்று அந்தப் பாட்டு மைதானத்தின் இந்தக் கோடியில் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. அவ்வளவு அமைதி. இடது பக்கம் போனாள், ஒன்றுமில்லை. வலது பக்கம் சாய்ந்தாள். ஓரத்தில் நின்ற உயரமான பெண் பாய்ந்து இவள் காலைக் கவ்விக்கொண்டாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். மூன்று பேரும் தரையில். அக்கா என் கையை நெரித்ததில் வளையல் உடைந்தது. பாட்டு நிற்கவில்லை. ஆள் மேல் ஆள் கிடந்த அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து "கபடி கபடி" வந்துகொண்டே இருந்தது. நடுவர் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து கேட்டார். குவியல் நகர்ந்தது. ஒரு கை வெளியே வந்தது. விரல்கள் மண்ணைப் பிராண்டிப் பிராண்டி முன்னால் போயின. எனக்கு மூச்சு நின்றுவிட்டது, அவளுக்கு நிற்கவில்லை. நடு விரல் கோட்டைத் தொட்டது.

விசில். நடுவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

மைதானம் வெடித்தது. பையன்கள் விசிலடித்தார்கள், யாரோ தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தார்கள். முத்துமணி சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். மோட்டார் சைக்கிள் ஹாரன்கள் அலறின. நயினார் அண்ணன் பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவ ஸ்கூட்டர் பக்கத்தில் இல்லை பாவம். தோற்ற அணியின் உயரமான பெண் எழுந்துவந்து, "எப்படிடி அவ்வளவு நேரம் தம் பிடிச்ச?" என்று சரண்யாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். எல்லோரும் அவரவர் வழியில் சத்தம் போட்டார்கள், வடிவக்காவைத் தவிர. அவர் முந்தியைக் கடித்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது பெயர் சரண்யாதேவி. அக்காவின் உடம்பு தூக்கிப் போட்டது. வாய் திறக்கவில்லை.

"அக்கா, வாசிச்சாச்சு" என்றேன் காதுக்குள்.

முந்தியை லேசாக விலக்கினார். "சும்மா இருளா. மத்த பிள்ளையளு பேரு கேக்கணும்லா. அதுகளும் ஒரு தாய் பெத்ததுதான?" மறுபடியும் கடித்துக்கொண்டார்.

கடைசிப் பெயரும் வாசித்து முடித்து, மைக்கை அணைத்தார்கள்.

"இப்பப் போடுங்க அக்கா. முடிஞ்சு போச்சு."

"மாட்டேன். வெக்கமா இருக்குன்னு சொன்னால்லா? அவ வாயால சொல்லட்டும்."

களத்தின் நடுவில் சரண்யா, தலை முடியெல்லாம் மண்ணாக, எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி நின்றாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு நல்லது நடந்தால் அடுத்த நொடி அந்தச் சத்தம் வரும். இன்றைக்கு வரவில்லை. அவளுடைய முகம் வாடிவிட்டது. தாய் அசையவில்லை. ஏரல் வரிசை, தாயைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தி கூட மூச்சு விடவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது.

அப்போது சரண்யா வாயருகில் கையை வைத்தாள். தலையை அண்ணாந்தாள். குலவை எடுத்தாள்.

எடுத்தாள் என்றா சொன்னேன்? நாக்குச் சுழலவே இல்லை. வெறும் காற்றாக, கீச்சென்று ஒரு சத்தம். மூச்சையெல்லாம் அந்தக் குவியலுக்கு அடியிலேயே செலவழித்துவிட்டாள். பையன்கள் சிரித்தார்கள். தேர்வுக்குழு திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. அத்தனை பேர் நடுவில், தேர்வுக்குழு பார்க்க, வெட்கம் என்று சொன்ன அதே பிள்ளை, ஒற்றையில் நின்று குலவை போடுகிறாள். சேர்ந்து கொடுக்க ஒருவரும் இல்லை.

அக்கா முந்தியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். உதடு துடிக்கிறது, சத்தம் வரவில்லை. அழுகை தொண்டையை அடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய குலவைக்காரிக்கு, அந்த நேரத்தில், வரவில்லை!

ஒற்றையில் விடக் கூடாது.

நான் எழுந்து நின்றேன். நாசரேத் ஜெப்ஸி, கூரை இடிந்தாலும் வாய் திறக்காதவள், நடு மைதானத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன். என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பெயர் குலவை இல்லை என்று அக்கா இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். ஆனால் வந்தது, பெரிதாக வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது, நிறுத்த முடியாமல் வந்தது. இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது?

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் தொண்டை திறந்துகொண்டது. அப்புறம் எடுத்தார் பாருங்கள் ஒரு குலவை! பின்னால் ஏரல் வரிசை மொத்தமும் எழுந்து சேர்ந்து கொடுத்தது. தோற்ற அணியின் அம்மாக்கள் கொடுத்தார்கள். நடுவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சரண்யா களத்திலிருந்து ஓடிவந்து அம்மாவின் மேல் விழுந்தாள். இரைக்க இரைக்க, "எனக்கு வரலம்மா. மூச்சே இல்ல" என்றாள்.

அக்கா அவள் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "இருக்கட்டும்ளா. நீ மூச்சு வாங்கிக்க. அதுவரைக்கும் நான் போடுதேன்."